மண் இல்லாத அணிகளின் சொந்த மண்

மந்திர் மார்க்கிற்கு முன்பு ரீடிங் சாலை என்று பெயர். வைசிராய் ரீடிங் மறைந்து கோயில் வந்தது. சாலை அப்படியே இருக்கிறது. இச்சாலையிலிருந்து பஹாட்கஞ்ச் பக்கம் சிறிது தொலைவு சென்றால் கர்னைல் சிங் விளையாட்டரங்கம். ரயில்வே வாரியத் தலைவராக இருந்தவரின் பெயர் அதற்கு. இந்திய ரயில்வே கிரிக்கெட் அணியின் இல்லம் அதுவே.

தமிழில் நாம் 'சொந்த மண்ணில் ஆடினார்கள்' என்கிறோம். ஆங்கிலம் வீட்டைச் சொல்லும் இடத்தில் தமிழ் மண்ணைச் சொல்கிறது. அணிக்கு ஓர் ஊரும் எல்லையும் உண்டு என்பதை இச்சொல்லாட்சி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. சேப்பாக்கத்திற்கு இது பொருந்தும். 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. மைசூரை மதராஸ் ஒரே நாளில் வீழ்த்தியது, ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்னர் மதராஸ் தமிழ்நாடானது, மைசூர் கர்நாடகமானது. அணிகளின் பெயர்களும் மாறின. மண் மாறவில்லை.

டெல்லியில் இக்கணக்கு குழம்புகிறது. இந்த ஒரே நகரை இல்லமாகக் கொண்ட ரஞ்சி அணிகள் மூன்று. டெல்லி அணிக்குக் கோட்லா. ராணுவம், கடற்படை, விமானப்படை வீரர்கள் அடங்கிய சர்வீசஸ் அணிக்குப் பாலம் (தமிழ்ப் பாலம் அன்று, விமானப்படைத் தளம் உள்ள ஊர்). ரயில்வேக்குக் கர்னைல் சிங். முதலாவது மட்டுமே நிலத்தால் வரையறுக்கப்பட்டது. மற்ற இரண்டையும் வரையறுப்பது சம்பளப் பட்டியல்.

இதனை வெறும் நிர்வாக விநோதமாகக் கருதிவிடலாகாது. சர்வீசஸ் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் அடுத்தடுத்து இறுதிப் போட்டிக்கு வந்து, முறையே பம்பாயிடமும் பரோடாவிடமும் தோற்றது. 1958-59இல் ரஞ்சிக்குள் நுழைந்த ரயில்வே 2001-02இலும் 2004-05இலும் கோப்பையை வென்றது. அக்காலத்தில் அந்த அணிக்கு ஆடியோரைப் பாருங்கள்: மதராசில் பிறந்த முரளி கார்த்திக், கர்நாடகத்து யெரெ கௌட், போபாலின் ஜே. பி. யாதவ். சொந்த மாநில அணியில் இடம் நிச்சயமில்லாத ஒருவருக்கு ரயில்வே கொடுத்தது ஆட்டம் மட்டுமன்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும். மகளிர் கிரிக்கெட்டில் இது இன்னும் கூர்மையான உண்மை. ஆட்டத்தை நம்பி வாழ ஒரு பெண்ணுக்கு வேறு வழியே இல்லாதிருந்த ஆண்டுகளில் டயானா எடுல்ஜியும், பின்னர் மிதாலி ராஜும் ரயில்வேக்காக ஆடினர். உள்நாட்டு மகளிர் போட்டிகளில் ரயில்வேயின் நெடுங்கால ஆதிக்கத்திற்கு, என் கருத்தில், பயிற்சியைவிட இந்தப் பணி நியமனமே முதன்மைக் காரணம்.

ஆனால் இத்தகைய அணிக்காக ஆர்ப்பரிப்பது யார்? 2025 ஜனவரி இறுதியில் கோட்லாவில் டெல்லியும் ரயில்வேயும் மோதின. அரங்கின் அதிகாரப்பூர்வப் பெயர் 2019 முதல் அருண் ஜேட்லி. மக்கள் வாயில் இன்னும் கோட்லாதான். 2012க்குப் பின் முதன்முறையாக விராட் கோலி ரஞ்சியில் ஆடியதால் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆறு ஓட்டங்களில் அவருடைய ஸ்டம்பைப் பெயர்த்தவர் ஹிமான்ஷு சங்வான். அவரும் இந்நகரத்துப் பக்கத்தவரே, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் டெல்லி அணியில் ஆடியவர், ரயில்வே ஊழியர். அன்று அவர் 'வெளியூர்' அணிக்காரர். அவ்வணியின் இல்லமோ கோட்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில். கோலி வெளியேறியதும் கூட்டமும் கலையத் தொடங்கியது. டெல்லி ஓர் இன்னிங்ஸும் 19 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றதைப் பார்க்க இருந்தவர்கள் மிகச் சிலர். ஆக, மண்ணின் அணி என்ற உரிமையும் கோட்லாவில் அவ்வளவு உறுதியானதன்று. டெல்லிக்கு 1978-79இல் முதல் கோப்பையைப் பெற்றுத்தந்த தலைவர் பிஷன் சிங் பேடியே அமிர்தசரஸ்காரர்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. இந்தியா கேட்டிற்குப் பின்னால், 1933இல் பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையில் எழுந்த இர்வின் ஆம்ஃபிதியேட்டர், 1950இல் முதல் குடியரசு நாள் அணிவகுப்பைக் கண்டது. 1951 ஆசிய விளையாட்டுகளுக்கு முன் தேசிய அரங்கமாயிற்று. 2002இல் தியான் சந்த் பெயர் பெற்றது. மூன்று பெயர் கண்ட அதற்கு நிலையான குடியிருப்பாளர் எவருமில்லை. 2024-25 ஹாக்கி இந்தியா லீக்கில் டெல்லியின் பெயரைத் தாங்கிய அணி இருந்தது. ஆட்டங்கள் நடந்தவை ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்.