சிப்பாய் லைனிலிருந்து லயத்துக்கு



சிங்கப்பூரின் தென்பகுதியில் புக்கிட் மேரா என்றொரு வட்டாரம் இருக்கிறது. மலாய் மொழியில் அதற்குச் செங்குன்று என்று பொருள். அந்த வட்டாரத்தில், ஊட்ரம் சாலையை ஒட்டி, சிங்கப்பூர் பொது மருத்துவமனை அமைந்துள்ளது. அந்த இடத்தின் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியச் சிப்பாய்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த இடமாதலால் அப்பெயர் வந்தது. தோட்டத்தில் நாம் லயம் என்று சொல்கிறோமே, அதுவும் இந்த 'லைன்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். சிப்பாய் லைனுக்கும் தோட்டத்து லயத்துக்கும் பெயரில் மட்டுமல்ல, வரலாற்றிலும் ஓர் உறவு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் பகுதியில் டாக்டருக்குப் படிக்க ஒரு பள்ளியும் இல்லை. 1889-இல் மாக்ஸ் சைமன் என்ற தலைமை மருத்துவ அதிகாரி சிங்கப்பூரில் ஒரு பள்ளி தொடங்கலாம் என்றார். நுழைவுத் தேர்வு வைத்தார்கள். தேறியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்காகப் பள்ளி நடத்த முடியுமா? திட்டம் கைவிடப்பட்டது. மாணவர்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்று ஏற்பாடாயிற்று.

1904-இல் தான் ஜியாக் கிம் என்ற சீனப் பெருமகனார் தலைமையில் ஊர்ப் பிரமுகர்கள் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். ஏழை மக்களின் மொழியும் பழக்கமும் தெரிந்த டாக்டர்கள் வேண்டும், அவர்களை இங்கேயே உருவாக்க வேண்டும் என்பது கோரிக்கை. பொதுமக்கள் 71,000 வெள்ளி திரட்டித் தந்தால் பள்ளி திறக்கலாம் என்றது அரசாங்கம். 87,077 வெள்ளி சேர்ந்தது. அதில் 12,000 வெள்ளி தான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து கொடுத்தது. 1905-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், சிப்பாய் லைன்ஸில் பழைய மனநோய் விடுதிக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய் நாட்டு மாநிலங்களுக்கும் பொதுவான பள்ளி என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தார்கள். ஆகவே, ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த மலாய் நாட்டுக்கும் அது சொந்தமான பள்ளி. 1910-இல் முதல் தொகுதியில் ஏழு பேர் தேறி வெளியே வந்தார்கள். அவர்களுள் ஒருவரான டாக்டர் சென் சூ லான் பின்னாளில் அபினிப் பழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்.

1911-இல் அந்தப் பள்ளிக்கு ஒரு புதுக் கட்டடம் எழும்பியது. தான் டெக் குவான் கட்டடம் என்று பெயர். அதற்குப் பணம் கொடுத்தவர் அவருடைய மகன், மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். இவர்தாம் மலாயாவில் முதன்முதலாக வாணிப நோக்கில் ரப்பர்த் தோட்டம் போட்டவர். ரப்பரில் வந்த செல்வம் மருத்துவப் பள்ளியின் சுவராக நின்றது. அந்த நாளில் மலாய் நாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் நம் முன்னோர்கள். அப்படியானால், அந்தப் பள்ளியில் படித்தவர்களின் அறிவு தோட்டத்து லயத்தைச் சென்று சேர்ந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

கேட்டுப் பார்ப்போம். மருத்துவ மாணவர் புத்தகத்தில் பாதிதான் படிக்கிறார். மீதியை நோயாளியின் கட்டிலருகே நின்று படிக்கிறார். எங்கே நிற்க வைக்கிறோமோ அங்கே உள்ள நோயைத்தான் அவர் அறிவார். சிப்பாய் லைன்ஸ் மாணவர்கள் நின்றது பொது மருத்துவமனையின் வார்டில். 1882 முதல் அங்கே இயங்கி வந்த பெரிய மருத்துவமனை அது. காய்ச்சல் முற்றி, இரத்தம் குன்றி, தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களை அவர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் எந்த ஓடையோரத்தில் பிறந்தது, எத்தனை பேர் ஓர் அறையில் படுத்தார்கள், கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே என்பதை வார்டில் நின்று பார்க்க முடியாது.

இதற்கு மலேரியாவே சாட்சி. 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் பணியில் சேர்ந்தார். ஆஸ்பத்திரி நிறையக் காய்ச்சல்காரர்கள். அவர் கொயினா கொடுப்பதோடு நிற்கவில்லை. வெளியே போய்ச் சதுப்பு நிலத்தைப் பார்த்தார். கால்வாய் வெட்டி நீரை வடிய வைத்தார். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. பின்னர் தோட்டங்களிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். வாசலைத் தாண்டி வெளியே வந்த டாக்டர்தான் நோயின் வேரைக் கண்டார்.

ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் மக்களைப் பார்த்தவர் யார்? டிரசர். டாக்டர் பல தோட்டங்களுக்கு ஒருவராக, அவ்வப்போது வந்து போவார். புண்ணுக்கு மருந்து வைப்பதும், காய்ச்சல் பார்ப்பதும், ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருவதும் டிரசர்தான். வருங்கால டாக்டரும் டிரசரும் தாதியும் ஒரே தோட்டத்தில் சில வாரம் சேர்ந்து பழகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பாடத்தின் நடுவிடம் நகரத்து வார்டாகவே இருந்தது.

தாதியர் வரலாறு சற்று வேறுவிதமானது. 1885-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள், பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் இதே சிப்பாய் லைன்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்க வந்தார்கள். சிங்கப்பூரில் அந்த நாளே தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1920-களின் பிற்பகுதியில் ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி கிராமப்புறத் தாய்சேய் நலப் பணிக்கு வந்து சேர்ந்தார். பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் காத்திருக்காமல், கம்பத்து வீடுகளுக்கே தாதிகளை நடக்க வைத்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முறை, தொப்புளைச் சுத்தமாக வைக்கும் முறை எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டன. குழந்தைச் சாவு வெகுவாகக் குறைந்தது.

தேக்கா பக்கத்தில் உள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். எருமைப் பட்டி என்பது அப்பெயரின் பொருள். 1924-இல் அது 30 கட்டில்களோடு இலவசப் பிரசவ மருத்துவமனையாயிற்று. 1966-இல் அங்கே பிறந்த குழந்தைகள் 39,000-க்கும் மேல். ஒரு நாளைக்கு நூறுக்கும் அதிகம்! மாணவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் ஏது? ஆயினும் கட்டில் போதாமல் தாய்மார்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. ஆகவே மருத்துவச்சிகள் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனித்தார்கள். பிரசவத்தை வார்டில் கற்றவர், பிள்ளை வளர்ப்பை வீட்டில் கற்றார்.

சிப்பாய் லைன்ஸ் மாணவர்களுக்குத் தியாக வரலாறும் உண்டு. 1942 பிப்ரவரியில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது மருத்துவ மாணவர்கள் ஆஸ்பத்திரிகளை விட்டு ஓடவில்லை. குண்டுக்குப் பலியான ஒரு தோழரை அடக்கம் செய்து கொண்டிருந்த மாணவர்கள் மீதே மீண்டும் குண்டு விழுந்து பலர் மாண்டார்கள். அவர்களுக்கு நினைவுச்சின்னம் அந்த வளாகத்தில் இருக்கிறது.

அந்தப் பெரிய மருத்துவமனைக்குச் சற்றுத் தொலைவில்தான் புக்கிட் ஹோ சுவீ கம்பம் இருந்தது. பலகையும் அத்தாப்புமாக நெருங்கிக் கிடந்த குடிசைகள். 1961 மே 25-ஆம் நாள் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். நோய்க்கும் நெருப்புக்கும் காரணம் ஒன்றே: நெருக்கடி. மருத்துவமனை பக்கத்தில் இருப்பது வேறு, மருத்துவம் வீட்டுக்குள் வருவது வேறு என்பதை இதிலிருந்து அறியலாம். எனவே, தோட்டம் நகரத்திலிருந்து தொலைவில் இருப்பதால் மட்டும் குறை வந்தது என்று நினைக்க வேண்டாம்.

சரி, மாணவரை மக்களிடம் அனுப்புவது எப்படி? நம் தமிழகத்தில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். 1909 முதல் மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் சென்று மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதுவே. அங்கே மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கற்கிறார்கள். 1977-இல் கே. வி. குப்பத்தில் கிராமப்புறச் சுகாதாரத்துக்கென்றே தனி மையம் ஏற்பட்டது.

அதே 1977-இல் இந்திய அரசாங்கமும் ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களை ஏற்றுக்கொண்டு மாணவர்களை அங்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டம். நோக்கம் உயர்ந்தது, பலன் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பெரிய மருத்துவ வண்டிகள் கொடுத்தார்கள். கிராமத்துக் குறுகிய பாதையில் அவை போக முடியவில்லை. மாணவர் தங்க இடம் போதவில்லை. பேராசிரியர்கள் நகரத்து வார்டை விட்டு வரத் தயங்கினார்கள்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் பாடம் தெளிவாகிறது. மாணவரை ஊருக்கு அனுப்பினால் மட்டும் போதாது. கற்றுக்கொடுப்பவரும் அங்கே இருக்க வேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நோய் வந்த வீட்டுக்கு மறுமுறையும் போகும் அளவுக்கு நாள் வேண்டும். உண்ண, உறங்க இடம் வேண்டும். மக்களின் மொழி தெரிய வேண்டும். 'நெஞ்சு கரிக்கிறது', 'மேல் வலிக்கிறது' என்று ஒரு பாட்டி சொன்னால் அதன் பொருள் விளங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் போன பிறகும் அங்கே வைத்தியம் தொடர வேண்டும். இல்லாவிட்டால் ஏழையின் உடம்பு வெறும் பாடப்புத்தகமாகிவிடும்.

சிங்கப்பூரின் கதையும் இந்தத் திசையில்தான் திரும்பியிருக்கிறது. பழைய பள்ளி 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1963-இல் கோலாலம்பூரில் தனி மருத்துவப் புலம் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவராகச் சென்றவர் சிங்கப்பூரில் பேராசிரியராயிருந்த டாக்டர் தம்பு ஜான் தன்ராஜ். 1980-களில் சிங்கப்பூர்ப் புலம் கெண்ட் ரிட்ஜுக்கு இடம் பெயர்ந்தது. 2007-இல் ஊட்ரம் வளாகத்துக்கே மற்றொரு மருத்துவப் பள்ளியின் மாணவர்கள் வந்தார்கள். இன்று மருத்துவ மாணவர்கள் வாடகை வீட்டுக் குடியிருப்புகளில் கதவைத் தட்டி, முதியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சமூகத் தாதியர் அடுக்குமாடி வீடுகளுக்கே செல்கிறார்கள். ஐடா சிம்மன்ஸ் கம்பத்தில் நடந்த பாதை இன்று மாடிப்படி ஏறுகிறது.

நேயர்களே, இதில் நம் பங்கு என்ன? உங்கள் தோட்டத்துக்கோ, அருகிலுள்ள கிளினிக்கிற்கோ பயிற்சி மாணவர் ஒருவர் வந்தால், அவரை வெறும் பிள்ளை என்று ஒதுக்க வேண்டாம். பெரிய டாக்டர் என்று அஞ்சி வாயடைத்தும் நிற்க வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், எந்த மருந்து தெளிக்கிறீர்கள் என்பதை எல்லாம் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை உங்களைத் தவிர வேறு யாரும் அவருக்குச் சொல்லித் தர முடியாது. அதே சமயம், 'உங்களை மேற்பார்க்கும் டாக்டர் யார்?' என்று கேட்கவும், விருப்பமில்லையென்றால் 'வேண்டாம்' என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பது மரியாதைக் குறைவல்ல.

உங்கள் பிள்ளைகளில் ஒருவர் தாதியாகவோ டாக்டராகவோ படிக்கப் போனால், பயிற்சிக்கு ஊர்ப்புறம் கிடைத்தது என்று வருந்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் பாலில் எழுந்த அந்தக் கட்டடத்தின் கடன், கல்வி கற்றவர் ஒருவர் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்து, 'என்ன செய்கிறது பாட்டி?' என்று கேட்கும்போதுதான் தீரும்.