கரிப் படலமும் கருந்துளையும்

வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் சேர்ந்த கருமருந்தில் தாயில்பட்டிச் சுற்றுவட்டாரத்தின் ஜீவனமும், எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரும் அடங்கியிருக்கின்றன. அந்தக் கரிக்கு உடன்பிறப்பு, பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட். அதன் சுபாவத்தை ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் நம் ஜில்லாக்காரர் என்பதை இங்கே பலர் அறியார்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கச் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போன அதே காலத்தில்தான், மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும், ராமனிடம் பௌதிகம் பயில அந்நகரையே நாடிச் சென்றார். ராமன் விளைவில் அவருக்கிருந்த பங்கை எல்லோரும் சொல்வார்கள். என் மனம் தங்குவது, அதன்பின் டாக்காவிலும் மீண்டும் கல்கத்தாவிலும் அவர் செய்த காந்த ஆராய்ச்சியிலேதான்.

மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு ஸ்படிகத்தைக் காந்தத்தின் துருவங்களுக்கிடையே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியைச் சிறுகச் சிறுகத் திருகிக்கொண்டே போனால், நெடுநேரம் காந்தத்துக்குக் கட்டுண்டு நிற்கும் ஸ்படிகம், ஒரு குறித்த கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று சுழன்றுவிடும். திசைக்குத் திசை அதன் காந்த குணம் எவ்வளவு வேறுபடுகிறதென்பதை அந்தக் கோணமே காட்டிவிடும். கண்ணும் கையும் பொறுமையும் மட்டுமே வேண்டிய வித்தை அது. அடுக்கடுக்கான படலங்களாலான கிராபைட், படலத்தின் வழியே காந்தத்தை எதிர்ப்பதைக் காட்டிலும் அதற்குச் செங்குத்தான திசையில் ஏறத்தாழ 40 மடங்கு வன்மையோடு எதிர்க்கிறதென்றும், படலத்துக்குள் சஞ்சரிக்கும் சுதந்திர எலெக்ட்ரான்களே அதற்குக் காரணமென்றும் 1941-இல் கங்குலியும் கிருஷ்ணனும் எழுதினர்.

அந்த எலெக்ட்ரான்கள் நிறையே இல்லாதவைபோல் ஓடுகின்றன என்பது வாலஸ் 1947-இல் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது. அதைக்கொண்டு 1956-இல் மக்லூர் கிராபைட்டின் காந்த எதிர்ப்புக்கு விளக்கம் கண்டார். 2004-இல் மான்செஸ்டரில் ஒற்றைப் படலமே, கிராபீன் என்ற பெயரில், தனித்துக் கிடைத்தது.

இதற்கிடையே 1993-இல் சச்தேவும் யேயும், ஒவ்வொரு துகளும் மற்றெல்லாவற்றோடும் தாறுமாறாகப் பிணைந்த ஒரு விசித்திர குவாண்டம் பதார்த்தத்தைக் கணிதத்தில் வகுத்திருந்தார்கள். 2015-இல் கிட்டாயேவ் அதை வேறு வடிவில் எளிமையாக்கியபோது, கருந்துளையின் விளிம்பருகே ஆகர்ஷண சக்தியும் குவாண்டம் விதிகளும் கூடும் விதத்தோடு அது வியக்கத்தக்கபடி பொருந்திற்று. ஏட்டிலிருக்கும் அப்பதார்த்தத்தை மேசைமேல் உருவாக்க, ஓரம் கோணல்மாணலான ஒரு கிராபீன் துணுக்கு போதுமென்று 2018-இல் சில ஆராய்ச்சியாளர் யோசனை சொன்னார்கள். வலுத்த காந்தப் புலம் ஒன்று மட்டும் அத்துணுக்கின் ஊடே பாய வேண்டும். படலத்துக்குச் செங்குத்தாக, கிருஷ்ணன் 40 மடங்கு கண்ட அதே திசையில்.