காப்பித் தோட்டத்து மனக்கணக்கும் பள்ளி ஏட்டுக்கணக்கும்: சேர்வராயன் மலையில் வீட்டுப் பயிற்சி

பள்ளிக் கணக்கில் பின்தங்கும் குழந்தைக்கு நாள்தோறும் வீட்டுப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பவர் அரிது. அது எத்தகைய பயிற்சி என்பதில்தான் தெளிவு தேவை. வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பது போதாது; அனுபவமே கணக்கைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று விட்டுவிடுவதும் போதாது. மனக்கணக்கை ஏட்டுக்கணக்கோடு இணைக்கும் பயிற்சியே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை இதற்கு ஏற்ற களம். ஆட்சியர் காக்பர்ன் 1820-களில் இங்கு காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பலருக்கு இன்றும் காப்பியும் மிளகும் பிழைப்பு. பழம் பறிக்கும் பருவத்தில் எடையும் கூலியும் வீட்டுப் பேச்சில் அடிபடும்.

கிலோவுக்கு 7 ரூபாய் கூலி என்று கொண்டால், 46 கிலோவுக்கு எவ்வளவு? மனக்கணக்கு பெரிய எண்ணில் தொடங்கும்: நாற்பதுக்கு 280, ஆறுக்கு 42, ஆக 322. ஏட்டுக்கணக்கு ஒன்றுகளில் தொடங்கும்: ஆறேழு நாற்பத்திரண்டு, 2-ஐ எழுதி, 4-ஐப் பத்துகளின் மேல் வைக்க வேண்டும். மேலே வைத்த அந்த 4, மனக்கணக்கில் வந்த 42-இன் நாற்பதுதான் என்று உணராத குழந்தைக்கு, இப்படிப் பத்துகளை மேலே எடுத்து வைக்கும் இனமாற்றம் பொருளற்ற சடங்காகிவிடும்.

இவ்விரு வழிகளும் தாமாக இணைவதில்லை. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறாரைப் பற்றிய ஆய்வொன்று 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ அதன் ஆசிரியர்களில் இருவர். சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்திலேயே போட்ட சிறார், பாடநூல் வடிவில் தந்த எளிய கணக்கில் தடுமாறினர். சந்தை அனுபவம் இல்லாத பள்ளி மாணவரோ விற்பனைக் கணக்கில் தடுமாறினர்.

ஏட்டுக்கணக்கு அறியாத பெற்றோர் எப்படி உதவ முடியும் என்ற கேள்வி இங்கு எழும். கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது குழந்தைகள் குறைவாகவே கற்றனர் என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே பெற்றோர் பாடம் நடத்த வேண்டியதில்லை. அன்றைய எடையைச் சொல்லி, விடை எப்படி வந்தது என்று கேட்டாலே போதும். குழந்தை வாயால் சொல்லிவிட்டு, அதையே ஏட்டில் எழுதிச் சரிபார்க்கும்.

எழுத்தில் நேரும் பிழையைத் திருத்த ஒருவர் வேண்டும். அதற்கு முன்மாதிரி உண்டு: 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் குடியிருப்புகளிலேயே மாலை நேரத் தன்னார்வலரை அமர்த்தியது. தமிழக ஊரகத் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகள் பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பிலிருந்து மீண்டதில் சுமார் 24 விழுக்காடு அத்திட்டத்தால் விளைந்தது என்று சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோரின் ஆய்வு மதிப்பிட்டது. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மலைக் குழந்தைகளுக்கு விடுதியே வீடு. மாலைப் படிப்பு நேரத்தில் அங்கும் இதே முறையைக் கையாளலாம். எடையும் கூலியும் பெரியவர்களுடையவை. கணக்கு மட்டுமே குழந்தையின் வேலை என்ற வரம்பு எங்கும் பொருந்தும்.