தூக்கிய ஜீப்பின் நடுக்கம்

கோணத்தில் சந்திக்கும் இரு தண்டுகளை இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டின் குறையை 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் அறிந்திருந்தார். கோணத்தில் வளைந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வெளித்தண்டின் வேகம் கூடிக் குறையும். கோணம் பெருகினால் ஏற்ற இறக்கமும் பெருகும். 1903இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் அந்த ஜாயின்ட்டைக் காருக்கேற்ப அமைத்துக் காப்புரிமை பெற்றார். விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட்டும் ஒரே கோணத்தில் இருந்தால், ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது சமன்செய்துவிடும்.

1997 மாடலாக வந்த ஜீப் ரேங்லர் டிஜே வண்டியில் பின் ஷாஃப்ட் மிகவும் குட்டை. பெரிய சக்கரத்துக்காக ஸ்பிரிங்கை 3, 4 அங்குலம் உயர்த்தியதும் கோணம் கூடி, வண்டியே அதிர்ந்தது. முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைத் துண்டு வைத்து இறக்குவது மலிவான வழி. ஆனால் அடிவயிறு பாறையில் இடிக்கும். உயர்த்தியதன் பயனில் ஒரு பங்கு வீண்.

நிலைத்தது வேறு தீர்வு. டிரான்ஸ்ஃபர் கேஸின் நீண்ட வெளித்தண்டையும் அதில் சறுக்கும் யோக் என்ற இணைப்புக் கவையையும் எடுத்துவிட்டு, குட்டைத் தண்டும் நிலையான யோக்கும் பொருத்தினார்கள். மிச்சமான இடத்தில் ஷாஃப்ட் நீண்டது, கோணம் தணிந்தது. மேல்முனையில் இரட்டை ஜாயின்ட் வந்தது. சமன் அதற்குள்ளேயே முடிந்துவிடுவதால், பின் அச்சில் விசையை வாங்கும் பினியனை ஷாஃப்டை நோக்கி நிமிர்த்த வேண்டும். பழைய சமகோண விதியைப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் போகாது. இழுவையில் பினியன் சற்றே மேலெழும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பதும் வழக்கமாயிற்று. 2003இல் வந்த ரூபிகான் வகைக்கு நிலையான யோக்கை ஜீப் நிறுவனமே பொருத்தி அனுப்பியது.