அண்டத் திகில் புனைவு

பேயோ பழிவாங்கலோ இன்றி, மனிதனைப் பொருட்படுத்தாத பிரபஞ்சமே அச்சமூட்டும் கதைவகை. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்த எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இதன் முதன்மை எழுத்தாளர். 1927-இல் வெளியான அவரது ‘விண்வெளியிலிருந்து வந்த நிறம்’ கதையில், ஒரு பண்ணைக் கிணற்றருகே விண்கல் விழுகிறது. பழங்கள் பெருத்துக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. காற்றே இல்லாதபோது மரக்கிளைகள் அசைகின்றன. மாடுகள் சாம்பல் பூத்து நொறுங்குகின்றன. வந்தது என்ன, எதற்கு வந்தது என்பதற்குக் கடைசிவரை விடையில்லை. வாசகரை இழுப்பதும் அதுதான். பேயென்றால் பரிகாரம் உண்டு, இதற்கு யாரிடம் போவது? ஆனால் லவ்கிராஃப்டின் அடைமொழிகள் மிகுந்த நடை அலுப்பூட்டும்; சில கதைகளில் இனவெறி அப்பட்டம். மலிவுவிலை இதழ்களில் எழுதி வறுமையில் இறந்த அவரது கதைகளைத் தொகுத்து நூலாக்க, நண்பர்கள் 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தொடங்கினர்.