டிஜிபி பதவி: தகுதியும் பதவிக்காலமும்

ஒரு மாநிலத்தின் காவல்துறைத் தலைவரான டிஜிபியை எந்தத் தகுதியின் பேரில் அமர்த்துவது என்பதற்கு இந்தியச் சட்டம் நெடுங்காலம் பதில் சொல்லவே இல்லை. 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் 4-ஆம் பிரிவில் நிர்வாகத்தை அன்றைய காவல்துறைத் தலைவரான இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் ஒப்படைத்தது. 3-ஆம் பிரிவில் மேற்பார்வையை அரசின் கையில் வைத்துக்கொண்டது. அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும், எவ்வளவு காலம் பதவியில் இருப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. 1857 கிளர்ச்சி அடங்கிய கையோடு எழுதப்பட்ட சட்டம் அது. ஆள்வோர் சொன்னதைச் செய்யும் படைதான் அப்போது தேவைப்பட்டது. விடுதலைக்குப் பின் ஐபிஎஸ் தேர்வும் பயிற்சியும் தேர்ந்த அதிகாரிகளைத் தந்தன. ஆனால் எவ்வளவு தேர்ந்தவரையும் ஒரே உத்தரவில் தூக்கியடிக்கலாம் என்ற நிலை மாறவில்லை. பதவிக்காலத்துக்குக் காப்பு இல்லாதவரை தகுதி வெறும் காகிதம்தான்.

1977-இல் தரம் வீரா தலைமையில் அமைந்த தேசிய போலீஸ் ஆணையம் இதை உணர்ந்து, நிலையான பதவிக்காலத்தைப் பரிந்துரைத்தது. அது கிடப்பில் போடப்பட்டது. ஓய்வுபெற்ற டிஜிபி பிரகாஷ் சிங் 1996-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று வழி வகுத்தது: பணிக்காலம், நற்பதிவு, பரந்த அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து யூபிஎஸ்சி மூன்று மூத்த அதிகாரிகளின் பட்டியலைத் தரும், மாநில அரசு அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், ஓய்வு வயது எப்போது வந்தாலும் அவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள். காவல் மாநிலப் பட்டியலில் உள்ள துறை, மக்கள் தேர்ந்த அரசின் உரிமையில் இது தலையீடு என்பது இதற்கு வரும் வலுவான எதிர்ப்பு. 2023-இல் பஞ்சாப் சட்டப்பேரவை யூபிஎஸ்சியை விலக்கும் மசோதாவை நிறைவேற்றியதும் இந்த வாதத்தில்தான். ஆனால் மூவரில் யார் என்று முடிவுசெய்வது இப்போதும் மாநில அரசே. அதனிடமிருந்து போனது, பட்டியலுக்கு வெளியே வேண்டியவரைத் தேடும் வசதி மட்டும். திறமையற்றவரையும் இரண்டு ஆண்டுகள் சுமக்க வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கும் தீர்ப்பில் வழி உண்டு: ஒழுங்கு நடவடிக்கை, குற்ற வழக்கில் தண்டனை, செயலாற்ற இயலாமை போன்ற காரணங்களுக்காக, அதே தீர்ப்பு அமைக்கச் சொன்ன மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தைக் கலந்து முன்னதாகவே நீக்கலாம். கேட்கப்படுவது எழுத்தில் நிற்கும் காரணம் ஒன்றுதான்.

அந்தக் காரணம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கேரள டிஜிபியாக இருந்த டி.பி. சென்குமாரின் வழக்கு காட்டியது. 2016-இல் ஆட்சி மாறியதும் அவர் மாற்றப்பட்டார். புற்றிங்கல் கோயில் வெடிவிபத்து, ஒரு கொலை வழக்கு ஆகியவற்றைக் கையாண்ட விதத்தில் மக்களுக்கு அதிருப்தி என்றது அரசு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், 2017 ஏப்ரலில் மீண்டும் அமர்த்த ஆணையிட்டது. விளக்கம் கேட்டு வந்த அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. மே மாதம் அவர் நாற்காலிக்குத் திரும்பினார். ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றார்.