மகப்பேற்று வயதும் சமூக மாற்றமும் – இலங்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

பெண்ணொருத்தி எந்த வயதில் தாயாகின்றாள் என்பது மருத்துவர் மட்டும் ஆராயும் வினாவன்று. அவளது உடல் அதற்குச் சில எல்லைகளை வகுக்கின்றது. ஆயின், அவ்வெல்லைகளைப் பேணியோ மீறியோ வயதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் குடும்பமும் சொத்துமுறையும் சட்டமும் கல்வியுமேயாகும். நூறாண்டுக்கு மேற்பட்ட இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இக்காலப்பகுதியிலே பெண்கள் தாயாகும் வயது உயர்ந்தது. மகப்பேற்றின்போது நிகழும் மரணங்கள் பெரிதும் குறைந்தன. இவ்விரு மாற்றங்களும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதும், எவரை அவை காலந்தாழ்த்தி எட்டின என்பதும் ஆராயத்தக்கன.

முதலில் உடல்நிலை சார்ந்த உண்மைகளை நோக்குதல் பொருத்தமானது. கட்டிளமைப் பருவத்தின் முற்பகுதியிலே இடுப்பென்புகளின் வளர்ச்சி நிறைவுறுவதில்லை. இதனால் பிரசவம் தடைப்படலாம். குருதிச்சோகை, உயர் குருதியமுக்கம், அதனைத் தொடரும் வலிப்பு, குறைந்த நிறையுடன் குழந்தை பிறத்தல் ஆகியனவும் இவ்வயதிற் கூடுதலாகக் காணப்படுகின்றன. உலகளாவிய நிலையில், 15 முதல் 19 வரையான வயதுடைய பெண்களின் மரணத்துக்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்றாக மகப்பேற்றுச் சிக்கல்கள் விளங்குகின்றன. மறுபுறம், 35 வயதைக் கடந்தபின் நீரிழிவும் குருதியமுக்கமும் கருச்சிதைவும் மிகுகின்றன. பல பிள்ளைகளைப் பெற்ற தாயருக்குப் பிரசவத்தின் பின்னரான குருதிப்பெருக்கு ஓர் ஆபத்தாகும். நிறமூர்த்தக் கோளாற்றால் ஏற்படும் டவுன் நோய்நிலை, 25 வயதுத் தாயருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஒன்றிலும் குறைவாகவும், 40 வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றாகவும் காணப்படுகின்றது. எனினும், இவ்விடர்கள் எல்லாப் பெண்களையும் ஒரே வகையிற் பாதிப்பதில்லை. ஊட்டமும் மருத்துவக் கண்காணிப்பும் பெற்றவளுக்குக் கடக்கக்கூடியதாகும் இடர், அவை கிட்டாதவளுக்கு உயிராபத்தாக முடிகின்றது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பூப்படைதலே திருமணத் தகுதியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் நிகழும் சாமத்தியச் சடங்கு, மணத்துக்குரிய பெண் வீட்டில் உளள் என்பதைச் சுற்றத்தார்க்கு அறிவிக்கும் வழக்கத்தின் எச்சமாகும். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைப் பெண்களின் சராசரித் திருமண வயது 18.3 ஆக இருந்தது. சராசரி இதுவாயின், அதனிலும் இளவயதில் மணமுடித்தோர் பலர் இருந்தனர் என்பது வெளிப்படை. 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணின் குறைந்த வயதை 12 என விதித்தது. ஐரோப்பிய, பறங்கிப் பெற்றோரின் மகளாயின் அது 14 ஆக இருந்தது. முதிராத வயதில் மணமுடித்தலின் தீமையைப் பிரித்தானிய ஆட்சியாளர் அறியாதிருந்தனர் என இதன்பின் கூறுதல் இயலாது. ஒரு சாராரின் புதல்வியர்க்கு அவர்கள் வழங்கிய சிறு பாதுகாப்பையேனும் ஏனையோர்க்கு வழங்க முன்வரவில்லை என்பதே உண்மை.

அக்காலத்தில் மகப்பேறு எவ்வயதிலும் ஆபத்து நிறைந்ததாகவே இருந்தது. கொழும்பில் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தமிழில் மருத்துவக் கல்வியை வளர்த்தார். இணுவிலிற் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. ஆயினும், கிராமங்களிலே பெரும்பாலான பிரசவங்கள் முறையான பயிற்சியற்ற மருத்துவிச்சியரின் துணையுடன் வீட்டிலேயே நிகழ்ந்தன. 1930களில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாயர் இறந்தனர். 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய், ஏற்கெனவே குருதிச்சோகையால் நலிந்திருந்த கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டமை இந்நிலையை மாற்றிய முயற்சிகளின் தொடக்கமாகும். பயிற்சிபெற்ற மருத்துவமாது வீடுதோறுஞ் சென்று கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து கண்காணிக்கும் முறை அதன்வழியே நாடெங்கும் பரவியது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து டி.டி.டி. தெளிப்பினால் மலேரியா கட்டுப்பட்டது. கிராமிய மருத்துவமனைகள் பெருகின. நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் குருதி மாற்றீடும் பயன்பாட்டுக்கு வந்தன. 1950களின் தொடக்கத்திலே தாய் மரண வீதம் 600க்குக் கீழிறங்கியது. 2010களில் 40க்குங் குறைந்தது. பெருஞ்செல்வம் படைத்திராத நாடொன்று இதனைச் சாதித்தமை உலக ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. இச்சாதனையிற் பெரும்பங்கு, மழையிலும் வெயிலிலும் ஊர்வழியே நடந்து சென்ற மருத்துவமாதர்க்கு உரியதாகும்.

இதனோடு திருமண வயதும் உயர்ந்தது. சராசரித் திருமண வயது 1946இல் 20.7 ஆகவும், 1971இல் 23.5 ஆகவும், 1981இல் 24.4 ஆகவும் அமைந்தது. இவ்வுயர்வு நிகழ்ந்த காலம் முழுவதும் சட்டநூலில் 12 வயது என்ற விதி மாறாதிருந்தமை இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. மாற்றத்தை ஏற்படுத்தியது சட்டமன்று; பாடசாலையாகும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பெண்பிள்ளையைப் பூப்படைந்த பின்னரும் வகுப்பறையில் இருத்தியது. ஒத்த வயதினனைத் தேடுதல், உத்தியோகம் பெறும்வரை காத்திருத்தல் ஆகிய வழக்கங்களும் மணத்தைப் பிற்போட்டன. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசு குடும்பத் திட்டத்தைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. இவற்றால், முதிர்ந்த வயதிலும் மீண்டும் மீண்டும் கருவுற்ற தாயரின் தொகை அருகியது.

ஆயின், பிந்திய திருமணம் யாவும் பெண்ணின் விருப்பத்தால் விளைந்ததெனக் கொள்ளுதல் தவறாகும். 1971ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்கு வித்திட்ட வேலையின்மையே பலரின் மணத்தையும் தள்ளிவைத்தது. வடபகுதியிலே சீதனம் மற்றொரு தடையாயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தை மகளுக்குரிய சொத்துப் பங்காகவே கருதியது. காலப்போக்கில் அது மணமகன் வீட்டார் கேட்டுப்பெறும் விலையாக மாறியபோது, காணியும் நகையுந் தேடும் முயற்சியிற் குமர்களின் வயது கழிந்தது. முப்பதுகளின் இறுதியில் முதற்பிள்ளையைப் பெறும் பெண்ணின் மருத்துவ இடரில் இச்சமூக வழக்கத்துக்கும் பங்குண்டு. இளவயதுத் தாயைப் போன்று இவளும் தனக்குரிய காலத்தைத் தானே தெரிவுசெய்யாதவளே.

முன்னேற்றம் எல்லோரையும் ஒருசேர எட்டவில்லை. பெருந்தோட்டங்களிலே மகப்பேற்று நன்மைக் கட்டளைச் சட்டம் 1939இலேயே இயற்றப்பட்டபோதிலும், மருத்துவ வசதிகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே கிடந்தன. கொழுந்துக் கூடையைச் சுமந்தவாறே கர்ப்பகாலத்தைக் கழித்த பெண்களிடையே குருதிச்சோகையும், அவர்தம் குழந்தைகளிடையே மரணமும் நாட்டின் பொதுநிலையிலும் மிகுந்திருந்தன. பின்னர், 2009இல் முடிவுற்ற போர் வன்னியிற் பழைய வழக்கத்தை மீளக்கொணர்ந்தது. ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் பொருட்டுப் பெற்றோர் பலர் இளவயதிலேயே அவர்களுக்கு மணஞ் செய்துவைத்தனர். அவற்றுட் பல பதிவுறாத் திருமணங்கள். இளந்தாயின் பாடசாலைக் கல்வி நின்றது. துணைவனை இழந்தபோது உரிமை கோருவதற்கு ஆவணமும் இருக்கவில்லை. மூன்று தலைமுறைகளில் உயர்ந்த வயது, அச்சம் சூழ்ந்த சில ஆண்டுகளிற் சரியக்கூடியது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

1995ஆம் ஆண்டுத் திருத்தமே பொதுச் சட்டத்திலும் கண்டியச் சட்டத்திலும் திருமண வயதை 18 ஆக உயர்த்தியது. முஸ்லிம்களுக்குரிய 1951ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த வயதெல்லை எதனையும் விதிக்கவில்லை. அதனைத் திருத்தக் கோரி முன்னின்றோருள் முஸ்லிம் பெண்கள் சிறப்பிடம் பெறுவர். 1907க்கும் 1995க்கும் இடைப்பட்ட 88 ஆண்டுகளிற் பெரும்பாலான குடும்பங்கள் சட்டத்தை முந்திச் சென்றுவிட்டன. ஆயின், முந்திச் செல்ல வசதியற்ற ஏழைச் சிறுமிக்கே சட்டத்தின் காவல் தேவைப்பட்டது; அவளுக்கே அது மிகவும் பிந்திக் கிடைத்தது. 2010களிலும் மருத்துவமாதர் பதிவுசெய்த கருத்தரிப்புகளுள் ஏறத்தாழ 5 வீதம் கட்டிளமைப் பருவத்தினருடையன. பாடசாலையை இடையில் விட்டவள், தாய் வெளிநாட்டில் உழைக்க உறவினர் வீட்டில் வளர்ந்தவள், வறுமையாற் கைப்பிடித்துக் கொடுக்கப்பட்டவள் எனப் பலர் இத்தொகையுள் அடங்குவர்.

இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை தெளிவானது. மருத்துவம் பிரசவத்தை ஆபத்துக் குறைந்ததாக்கியது. கல்வி அதன் வயதைப் பெண்ணின் கைக்குச் சற்று அண்மையிற் கொணர்ந்தது. பதினாறு வயதில் வறுமையாலோ முப்பத்தெட்டு வயதிற் சீதனத்தாலோ அவ்வயது பிறரால் வகுக்கப்படும் நிலை நீடிக்கும்வரை, மருத்துவமனைகளின் வெற்றி அரை வெற்றியாகவே எஞ்சும்.